பரணிலிருந்து இறங்கிய டிவி கேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் செட்டாப் பாக்ஸும் எல்.இ.டி. பேனலுமாகப் போகும் பிழைப்பு, பள்ளிக்கு முழு ஆண்டு விடுமுறை விட்டதும் கொஞ்சம் திசை மாறும். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் லாரிகள் ஓடத் தொடங்கும் அதே வாரத்தில், யாராவது ஒருவர் மஞ்சள் பையில் பழைய டிவி கேம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். பிள்ளைகளிடம் காட்ட வேண்டும் என்பார். சரி செய்து கொடுப்பது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள்தான் நீளம். ஒரே பதிலைப் பலமுறை சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேம்களைப் பற்றிச் சொல்லியிருக்கும் நல்லதும் கெட்டதும் என் சொந்தத் தீர்ப்பு.

"இது எந்தக் கம்பெனிப் பெட்டி அண்ணா? மேலே ஒரு பெயர், அடியில் ஒரு பெயர் இருக்கிறது."

மேலே இருப்பதையும் நம்பாதீர்கள், அடியில் இருப்பதையும் நம்பாதீர்கள். 1983 ஜூலையில் நின்டென்டோ நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை வெளியிட்டது. அதையே உருவம் மாற்றி 1985இல் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்று விற்றார்கள். நம் ஊர் வீடுகளுக்கு 1990களில் வந்தவற்றில் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். ஒரே சர்க்யூட்டுக்கு ஆயிரம் பெயர் ஒட்டி விற்றார்கள்.

பெட்டிதான் நகல், உள்ளே ஓடும் கேம்கள் அசல். மரியோ அதே மரியோ, காண்ட்ரா அதே காண்ட்ரா. அசல் பெட்டியின் மூளை நொடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்பு வேகத்தில் ஓடும் 8 பிட் செயலி. வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்று உங்கள் போனில் வரும் ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூட அந்த இடம் போதாது.

"இதைக் கேசட் என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். உள்ளே நாடா இருக்கிறதா இல்லையா?"

நாடா இல்லை. திறந்தால் ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் சில்லுகள், அடியில் வரிசையாக 60 பித்தளை நிறக் கம்பிகள். மலிவான கேசட்டாக இருந்தால் சில்லுக்குப் பதில் கறுப்புத் தார் சொட்டியதுபோல் ஒரு பொட்டு மட்டும் இருக்கும். ஆனாலும் நம் ஊரில் எல்லோரும் கேசட் என்றுதான் சொன்னோம், கடைக்காரரும் அப்படித்தான் விற்றார். உங்கள் மகன் சிரிக்கட்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது அமெரிக்கக் கேசட் கொண்டுவந்தால் அது 72 கம்பி கொண்டது. இதில் நுழையாது, அழுத்திப் பார்க்க வேண்டாம்.

"இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனே இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்களா?"

பிடுங்கவில்லை. அசல் ஃபேமிகாமிலேயே இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட், செலக்ட் இரண்டும் கிடையாது. அந்த இடத்தில் ஒரு சிறிய மைக் வைத்திருந்தார்கள். நகல் செய்தவர்கள் மைக்கை விட்டுவிட்டு, பட்டன் இல்லாததை மட்டும் பத்திரமாக நகலெடுத்திருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் எப்போதும் முதல் ரிமோட்டுக்கு மட்டுமே. அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் முதல் ரிமோட் யாருக்கு என்ற சண்டை ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

நகல் பெட்டிகளில் ஏ, பி பட்டன்களுக்கு மேலே இன்னும் இரண்டு பட்டன் இருக்கும். அவை அழுத்திப் பிடித்தால் போதும், தானாகவே படபடவென்று அழுத்திக்கொண்டே இருக்கும். குதிப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தினால் மரியோ தவளை மாதிரி துள்ளுவான்.

"கேசட்டின் மேல் 9999999 கேம் என்று போட்டிருக்கிறதே, உண்மையா?"

கடையில் ஒருமுறை பொறுமையாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 14 கேம். மீதி எல்லாம் அதே பதினான்கின் வேடங்கள். ஒரே கேமை இரண்டாம் கட்டத்தில் தொடங்கினால் ஒரு பெயர், ஐந்தாம் கட்டத்தில் தொடங்கினால் வேறு பெயர், உயிர்களைக் கூட்டினால் இன்னொரு பெயர். பட்டியலின் நான்காம் பக்கத்துக்குப் போய்ப் புதிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அழுத்தினால், அதே மீசைக்கார மரியோ வந்து நிற்பான்.

வாங்கும்போது எண்ணைப் பார்க்காமல் கேம்களின் பெயரைப் பாருங்கள். 9 கேம், 15 கேம் என்று அடக்கமாகப் போட்டிருக்கும் கேசட்டில் பெரும்பாலும் அத்தனையும் தனித்தனியாகவே இருக்கும்.

"பிள்ளைக்கு எட்டு வயது. முதலில் எந்தக் கேமைப் போட்டுக் கொடுக்க வேண்டும்?"

சூப்பர் மரியோ பிரதர்ஸ். 1985இல் வந்தது; ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்தார், இசை கோஜி கோண்டோ. மொத்தம் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32. இவ்வளவையும் அந்த இசையையும் 40 கிலோபைட்டுக்குள் அடைத்திருக்கிறார்கள். எப்படி அடைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம். ஒன்றுக்கு வெள்ளை, இன்னொன்றுக்குப் பச்சை. எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது.

பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுக்காமல் ரிமோட்டை மட்டும் கையில் கொடுங்கள். முதல் திரையில் இடது பக்கம் மரியோ நிற்பான், வலது பக்கம் வெற்றிடம். போகவேண்டிய திசை அதிலேயே தெரிந்துவிடும். எதிரில் முதல் பூதக் காளான் நடந்து வரும். தெரியாதவர்கள் மோதிச் சாவார்கள், மறுமுறை பயந்து குதிப்பார்கள், குதித்தால் தலைக்கு மேல் இருக்கும் கட்டை இடிபட்டுக் காசு விழும். ஒரு நிமிடத்துக்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும். இந்த முதல் திரைக்காகவே அதை நான் முதலிடத்தில் வைக்கிறேன். ஐந்தாம் உலகத்துக்குப் பிறகு சில கட்டங்கள் முன்பு வந்தவற்றின் சாயலிலேயே வருவது உண்மைதான். அதற்குள் பிள்ளை பழகிவிட்டிருப்பான், குறை சொல்லமாட்டான்.

"எட்டாம் உலகத்துக்கு நேராகப் போகலாம் என்கிறார்களே, எப்படி?"

இரண்டு தாவல் போதும். 1-2, அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம், செங்கல் கூரை போட்ட நிலவறை. கடைசியில் மேலே ஏறி, அந்தக் கூரையின் மேலேயே நடந்து, வெளியேறும் குழாயையும் தாண்டிப் போனால் மூன்று குழாய்கள் இருக்கும் அறை வரும். அங்கிருந்து நான்காம் உலகம். பிறகு 4-2இல் கண்ணுக்குத் தெரியாத கட்டைகளில் ஏறி ஒரு செங்கலை முட்டினால் கொடி முளைக்கும். அதைப் பிடித்து ஏறிப் போனால் 6, 7, 8 என்று மூன்று குழாய்.

போகலாம் என்பதற்காகப் போக வேண்டாம். எட்டாம் உலகம் இரக்கமில்லாதது. கடைசிக் கோட்டையில் வழி தவறினால் அதே இடமே திரும்பத் திரும்ப வரும், சரியான குழாயில் இறங்கும்வரை. வரிசையாக ஆடி அங்கே போனவன்தான் தாக்குப்பிடிப்பான்.

"காண்ட்ராவில் 30 உயிர் வாங்க ஏதோ வரிசையாக அழுத்துவோமே, அது என்ன? இப்போது கை மறந்துவிட்டது."

தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. பிறகு ஸ்டார்ட். இருவர் ஆடுவதானால் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ஒருமுறை செலக்ட். இந்த வரிசை காண்ட்ராவுக்காகப் பிறந்ததல்ல. கோனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்பவர் 1986இல் கிரேடியஸ் என்ற விண்கலக் கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்கக்கூட முடியாத அளவுக்கு ஆட்டம் கடினமாக இருந்ததால், தனக்காகவே இப்படி ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது விற்பனைக்கு வந்த கேசட்டிலும் தங்கிவிட்டது. அழுத்திப் பார்த்தும் 30 வரவில்லை என்றால் உங்கள் கேசட்டில் ஏதோ மாற்றம் செய்திருக்கிறார்கள். பட்டியலில் அடுத்தடுத்த காண்ட்ராக்களைத் திறந்து பாருங்கள், ஒன்றில் 30 உயிர் தயாராகவே இருக்கலாம். காரணம் 9999999 கேள்வியில் சொன்னதுதான்.

கேமைப் பற்றி: 1988இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது, 8 கட்டம். ஒரு தோட்டா பட்டால் போதும், உயிர் போய்விடும். கையில் இருந்த நல்ல துப்பாக்கியும் அதோடு போய்விடும். ஆங்கில எஸ் எழுத்துப் போட்ட விசிறித் துப்பாக்கி கிடைத்தவன் ராஜா. மூன்றாம் கட்டம் அருவி. திரை மேல்நோக்கி மட்டுமே நகரும், ஆகவே அவசரக்காரன் மேலே ஏற ஏற, கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் சாவான். எத்தனை நல்ல நட்புகள் அந்த அருவியில் விழுந்து எழுந்தன என்று கணக்கே இல்லை. நின்று ஏறுங்கள், கீழே இருப்பவனைப் பார்த்து ஏறுங்கள். தனியாக ஆடினால் இது நல்ல கேம். இருவராக ஆடினால் அரிய கேம்.

"டாங்க் கேமில் ஏன் எல்லோரும் இவ்வளவு உயிராக இருக்கிறீர்கள்? பார்க்க ஒன்றுமே இல்லையே."

பார்க்க ஒன்றுமில்லைதான். நம்கோ நிறுவனம் 1985இல் செய்த பேட்டில் சிட்டி அது. கறுப்புத் தரை, செங்கல், நீர், இலை, பனி. கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. மேலிருந்து கட்டத்துக்கு 20 டாங்கிகள் வரும். அத்தனையையும் அழிக்க வேண்டும், கழுகை விட்டுவிடக்கூடாது. இப்படி 35 கட்டம். எழுதினால் இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆடும்போது அடங்காது. உங்கள் குண்டு கூட்டாளி மேல் பட்டால் அவன் சாகமாட்டான், சில நொடி உறைந்து நிற்பான். அந்தச் சில நொடியில் எதிரி டாங்கி கழுகை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் கழுகை நீங்களே சுட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஆகவே ஒருவன் மேலே போய்ச் சண்டை பிடிக்க, இன்னொருவன் கழுகுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு யாரும் சொல்லாமலே வந்துவிடும். யார் காவல், யார் வேட்டை என்பதில் ஒருவருடைய குணமே தெரிந்துவிடும். என் கடையில் பென்னாகரத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் ஆடினார்கள். சோதித்துப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் அந்த அம்மாள் கழுகின் வலப்பக்கத்திலிருந்து அசையவே இல்லை. குண்டுக்குப் பலம் கூட்டும் நட்சத்திரம் பக்கத்திலேயே மின்னியும் எடுக்கப் போகவில்லை. கணவர் மூன்று நட்சத்திரம் வாங்கி இரும்புச் சுவரையே உடைத்துக்கொண்டு மேலே திரிந்தார். திரும்பி வந்தவர் கடைசியில் சுட்டது சொந்தக் கழுகை. அந்த அம்மாள் ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "வீட்டிலும் இப்படித்தான்" என்றார்.

மின்னிக்கொண்டு வரும் டாங்கியைச் சுட்டால் ஏதாவது ஒரு பொருள் விழும். மண்வெட்டி எடுத்தால் கழுகைச் சுற்றிய சுவர் கொஞ்ச நேரம் இரும்பாகும், கடிகாரம் எடுத்தால் எதிரிகள் நின்றுவிடுவார்கள். நான் மண்வெட்டிக் கட்சி. முதல் திரையில் மூன்றாவதாக ஒரு வரி இருக்கும். அதில் உங்கள் சொந்த மைதானத்தைச் செங்கல் செங்கலாகக் கட்டிக்கொள்ளலாம். டாங்கி படகில் ஏறி நீரைக் கடக்கிறது என்றால், நீங்கள் ஆடுவது பிறகு வேறு யாரோ மாற்றிச் செய்த டாங்க் 1990. அது கொஞ்சம் குழப்படி. மூலமே எனக்குப் பிடிக்கும்.

"வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் வேலை செய்யவில்லை. துப்பாக்கி கெட்டுப்போனதா, மாற்ற வேண்டுமா?"

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. துப்பாக்கி நன்றாகவே இருக்கும், டிவிதான் ஒத்துவராது. அந்தத் துப்பாக்கி எதையும் வெளியே அனுப்புவதில்லை; அதன் முனையில் வெளிச்சத்தை உணரும் ஒரு கண் மட்டும் இருக்கிறது. நீங்கள் விசையை இழுத்ததும் திரை கண்ணிமைக்கும் நேரம் முழுக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்கு அடுத்து வெள்ளையைத் துப்பாக்கியின் கண் பார்த்தால் வாத்து விழும். இவ்வளவும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு, இரண்டு பங்கு கணக்கில் நடக்கிறது. பழைய பிக்சர் டியூப் டிவி சிக்னல் வந்த அந்தக் கணமே படத்தை வரையும். எல்.இ.டி. டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அதற்குப் பிறகே காட்டும். வெள்ளைக் கட்டம் வரும்போது துப்பாக்கி பார்ப்பதை முடித்துவிட்டிருக்கும்.

தீர்வு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 2006 முதல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி பிக்சர் டியூப் வகை. பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நான் கடையில் இரண்டு வைத்திருக்கிறேன், விலைக்குக் கேட்டாலும் கொடுப்பதில்லை. அதைப் போட்டதும் கண்ணாடிப் பக்கம் கையைக் கொண்டுபோனால் கையின் முடி எல்லாம் எழுந்து நிற்கும். வந்த பிள்ளைகள் வாத்தை விட்டுவிட்டு அதைத்தான் பத்து தடவை செய்து பார்க்கிறார்கள்.

1984இல் வந்த டக் ஹன்ட் கேமைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. பத்து நிமிடம் கொண்டாட்டம், இருபதாவது நிமிடம் அலுப்பு. தவறவிட்டால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும் நாயைச் சுட முடியாது, எவ்வளவு முயன்றாலும். ஆனால் ஒரே ஒரு வாத்து வரும் முதல் வகை ஆட்டத்தில், இன்னொருவர் ரிமோட்டால் வாத்தைப் பறக்கவிடலாம். தம்பியிடம் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் சுட்டுப் பாருங்கள்.

"படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது. சில சமயம் மேலிருந்து கீழே உருண்டு ஓடுகிறது."

ஜப்பானின் டிவி முறை என்.டி.எஸ்.சி., நொடிக்கு 60 முறை படம் வரையும். நம்முடையது பால் (PAL) முறை, 50 தடவை. ஒரு முறைக்குச் செய்த பெட்டியை இன்னொரு முறை மட்டுமே தெரிந்த பழைய டிவியில் மாட்டினால் நிறம் போகும் அல்லது படம் உருளும். டிவியின் மெனுவில் நிற முறையைத் தானியங்கியாக மாற்றிப் பாருங்கள். அந்த வசதி இல்லாத டிவி என்றால் வேறு டிவிதான். இந்தியாவில் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் நம் முறைக்கே செய்யப்பட்டவை. துபாய், சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் இந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

"புது டிவியில் மஞ்சள், வெள்ளை ஓட்டையே இல்லை. அதற்கு ஒரு டப்பா விற்கிறார்களே?"

ஏ.வி. சிக்னலை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் கன்வெர்ட்டர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, படமும் வரும். ஆனால் அதுவும் ஒரு கணம் யோசித்துத்தான் படத்தை அனுப்பும். துப்பாக்கிக் கேள்வியில் சொன்ன தாமதம் இங்கே இரட்டிப்பாகும். மரியோ குதிக்கும்போது பட்டனுக்கும் காலுக்கும் நடுவே ஏதோ ரப்பர் இருப்பதுபோல் தோன்றும். டிவி மெனுவில் கேம் மோட் என்று இருந்தால் அதைப் போடுங்கள், பாதி குறையும்.

"பழைய அடாப்டர் காணாமல் போய்விட்டது. வீட்டில் கிடக்கும் எதையாவது மாட்டலாமா?"

கூடாது. பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்றும், பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்றும் சிறிய படம் இருக்கும். நகல் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட், ஆனால் பிளஸ் மைனஸ் பெட்டிக்குப் பெட்டி மாறும். பின் சரியாக நுழைகிறது என்பது ஒரு பொருத்தமே அல்ல. இன்டர்நெட் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிட்டு, கருகிய வாசனையோடு கொண்டு வந்தவர்கள் போன ஆண்டு மட்டும் மூவர்.

"கேசட்டை ஊதிப் போட்டால் வேலை செய்கிறதே, பிறகு ஏன் ஊதக்கூடாது என்கிறீர்கள்?"

வேலை செய்வது ஊதியதால் அல்ல, வெளியே எடுத்து மறுபடி செருகியதால். செருகும்போது கம்பிகள் உரசி, கொஞ்சம் துடைபட்டு, தொடர்பு கிடைத்துவிடுகிறது. ஊதுவதால் சேர்வது எச்சில் ஈரம் மட்டுமே. அரூரிலிருந்து வந்த ஒரு கேசட்டைத் திறந்தேன். 60 கம்பிகளில் நடுவே இருந்த பத்துப் பன்னிரண்டு மட்டும் பாசி படிந்ததுபோல் பச்சை. வாயை வைத்து ஊதிய இடம் அப்படியே அச்சுப் போட்டதுபோல் தெரிந்தது. நானும் சிறுவயதில் அப்படித்தான் ஊதினேன், ஆகவே கோபித்துக்கொள்ளவில்லை.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கம்பிகளை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். குச்சி கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

"ரேஸ் கேம் எது நல்லது? காரா, பைக்கா?"

கார் என்றால் கோனாமியின் ரோட் ஃபைட்டர், 1985. மேலிருந்து பார்க்கும் சாலை, எரிபொருள் தீருவதற்குள் முடிவுக்குப் போக வேண்டும். இடையிடையே வரும் ஒரு காரை மட்டும் மோதினால் எரிபொருள் ஏறும், மற்ற கார்களை மோதினால் சுழல்வீர்கள். சுழலத் தொடங்கியதும் எதிர்த்திசையில் தட்டினால் மீளலாம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சீக்கிரம் முடிந்துவிடும்.

பைக் என்றால் நின்டென்டோவின் எக்ஸைட்பைக், 1984. என் ஓட்டு இதற்கு. பி பட்டன் வேகம் கூட்டும், ஆனால் இன்ஜின் சூடேறும். முழுச் சூடானால் ஓரமாக நின்று ஆற வேண்டும். தரையில் அம்புக்குறி போட்ட இடத்தில் ஏறினால் சூடு உடனே தணியும். மேட்டில் எழும்பியதும் இடது, வலது தட்டி முன்சக்கரத்தைத் தூக்கவோ இறக்கவோ செய்யலாம். சக்கரம் தரையின் சரிவோடு பொருந்தி விழுந்தால் வேகம் குறையாது. அதைப் பிடிக்கவே எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது.

"துப்பாக்கி, சண்டை இல்லாமல் வேண்டும். வயதானவர்களும் ஆடுவதுபோல்."

சர்க்கஸ் சார்லி. சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம் தாண்டுவது முதல் கட்டம், கம்பியில் நடந்து குரங்குகளைத் தாண்டுவது இரண்டாவது. ஒரு பட்டன் போதும். என் அம்மா 60 வயதுக்கு மேல் ஆடினார். ஒவ்வொரு வளையத்துக்கும் சோபாவிலிருந்து அவரும் சேர்ந்து எழுவார்.

பலூன் ஃபைட் இருவருக்கு நல்லது. முதுகில் இரண்டு பலூன் கட்டிப் பறந்து மற்றவர் பலூனை உடைக்க வேண்டும். பிற்காலத்தில் நின்டென்டோவுக்கே தலைவரான சதோரு இவாதா நிரல் எழுதியது. ஐஸ் கிளைம்பர் எனக்குப் பிடிக்கவில்லை. 32 மலை இருக்கிறது, ஆனால் குதித்தால் நேர் மேலே போகிறானே தவிரப் பக்கவாட்டில் நகர மறுக்கிறான். அருவிக் கட்டத்தில் சொன்ன அதே குற்றம் இதிலும் உண்டு, கீழே தங்கியவன் காலி.

"குண்டு வைக்கும் கேமில் கதவைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் திறக்க மறுக்கிறது."

பாம்பர்மேன். எதிரிகள் அனைவரும் செத்தால்தான் கதவு திறக்கும். கதவு தெரிந்த மகிழ்ச்சியில் பக்கத்திலேயே இன்னொரு குண்டு வைத்திருப்பீர்கள்; கதவின் மேல் வெடி பட்டால் புதிய எதிரிகள் கூட்டமாக வெளியே வருவார்கள். கதவை விட்டுத் தள்ளி வெடியுங்கள். மொத்தம் 50 கட்டம், நான் பாதியைத் தாண்டியதில்லை.

"கரண்ட் போனால் எல்லாம் போய்விடுகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லையா?"

இங்கே சொன்னவற்றில் பாம்பர்மேனில் மட்டும் உண்டு; ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் ரகசிய எழுத்துகளைக் குறித்து வைத்துக்கொண்டால் தொடரலாம். மற்றவற்றில் இல்லை. எக்ஸைட்பைக்கில் பாதையைச் சேமிக்கும் வரி திரையில் தெரியும், அது ஜப்பானில் விற்ற ஒரு டேப் ரெக்கார்டர் கருவிக்காக வைத்தது, அழுத்திப் பயனில்லை. கேசட்டுக்குள்ளேயே பட்டன் பேட்டரி வைத்து ஆட்டத்தைச் சேமிக்கும் முறை அமெரிக்காவில் 1987இல் செல்டா என்ற கேமின் கேசட்டோடு வந்தது, ஆனால் நம் ஊர்க் கேசட்டுகளில் அதைப் பார்ப்பது அரிது. மரியோவை முடிக்க வேண்டுமானால் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள், அல்லது குழாய் வழியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

"ஆன்லைனில் அறுநூறு கேம் உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அது போதாதா?"

ஆசைக்குப் போதும். கேசட் போடும் வழி இல்லை, ரிமோட் வயர் குட்டை, ஒலி சில கேம்களில் சுருதி தப்பும். எண்ணைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். இன்னொன்று, அவற்றில் இருக்கும் கேம்கள் பெரும்பாலும் உரிமையாளரிடம் அனுமதி வாங்காமல் போடப்பட்டவை. நம் பழைய கேசட்டுகளும் அப்படித்தான், அதில் பெருமை ஒன்றும் இல்லை. முறைப்படி வேண்டுமானால் நின்டென்டோவே 2016இல் 30 கேம் கொண்ட சிறிய பெட்டி ஒன்றை வெளியிட்டது. மரியோ, எக்ஸைட்பைக், பலூன் ஃபைட், ஐஸ் கிளைம்பர் அதில் உண்டு. டாங்க் கேமும் வாத்தும் இல்லை.

"இந்தப் பெட்டிக்குப் பெங்களூரில் லட்ச ரூபாய் தருகிறார்களாமே?"

தரமாட்டார்கள். ஏல விலையாக நீங்கள் கேள்விப்படுவது உறை பிரிக்காத அசல் அமெரிக்கக் கேசட்டுகளுக்கு. நம்முடையது நகல். ஓசூர் வழியாகப் பஸ் ஏறிப் போய்த் திரும்பும் செலவுகூடத் தேறாது.

"பெயர் தெரியாத ஒரு கேம். தொப்பி போட்டவன் கோடாரி எறிவான், ஓடிக்கொண்டே பழம் தின்பான். கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். அட்வென்ச்சர் ஐலண்ட், ஹட்சன் நிறுவனம், 1986. நிற்கக் கூடாது, மேலே இருக்கும் சக்திக் கோடு கரைந்துகொண்டே இருக்கும், பழம் தின்றால்தான் ஏறும். முட்டையை உடைத்தால் சில சமயம் சறுக்குப் பலகை கிடைக்கும், சில சமயம் கத்திரிக்காய் வரும். கத்திரிக்காய் தலைக்கு மேல் ஒட்டிக்கொண்டு சக்தியை உறிஞ்சும்.

கேட்டவர் பாலக்கோட்டிலிருந்து மகளோடு வந்திருந்தார். இலவச டிவி ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். இருபத்தைந்து வருடமாக ஆடவில்லை என்றார். முதல் கட்டத்தில் ஒரு முட்டையைக் கண்டதும் கை தானாகவே பின்வாங்கியது. "அதை உடைக்கக் கூடாது" என்றார், ஏன் என்று அவருக்கே நினைவில்லை. மகள் ரிமோட்டைப் பிடுங்கி உடைத்தாள். கத்திரிக்காய் வந்தது.